பணம் எந்தத் தேதியில் வரும், வராவிட்டால் எங்கே நிற்கும்?

சென்னிமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். வயது 44. தறிக்காரர் வீடுகளில் தார் சுற்றுகிறார். கணவர் காங்கேயம் பக்கம் ஒரு கொப்பரைக் களத்தில் கூலி வேலை செய்கிறார். ஒரே மகனுக்கு அறிவுசார் குறைபாடு. கடைக்குப் போய் ஒரு பொருள் வாங்கி வருவான், பத்து ரூபாய்த் தாளை அடையாளம் கண்டுகொள்வான், அதற்கு மேல் கணக்குத் தெரியாது. வீட்டில் 76 வயது மாமியாரும் இருக்கிறார்.

அரசிடமிருந்து மாதாமாதம் மூன்று தொகைகள் இந்த வீட்டுக்கு வருகின்றன. மகனுக்குப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய், மாமியாருக்கு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய், இவருக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். இவற்றில் மகனுடைய பணம் மே மாதத்துக்குப் பிறகு வரவில்லை. ஆடி 18 நோன்பும் போய் ஆவணி பிறந்துவிட்டது. "ஒன்றாம் தேதி ஆனால் வங்கிக்குப் போகிறேன், ஏறவில்லை என்கிறார்கள். மறுநாளும் போகிறேன். ஒவ்வொரு நாளும் அரை நாள் கூலி போகிறது. எனக்கு உரிமைத் தொகை வருவதால் மகனுடையதை நிறுத்திவிட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் மையத்தில் 500 ரூபாய் கொடுத்தால் புதிதாகப் பதிந்து தருவதாகச் சொல்கிறார்கள். மகனுக்கு 18 வயது முடிந்துவிட்டதால் தாலுகா அலுவலகத்தில் இன்னொரு 1,500 ரூபாயும் வாங்கலாமாமே? அத்தைக்குக் கைரேகை விழுவதில்லை. பணம் கொண்டுவருகிறவர் ஒவ்வொரு முறையும் 50 ரூபாய் எடுத்துக்கொள்கிறார். குழுக் கடன் தவணை 5-ஆம் தேதி. எந்தப் பணம் எந்தத் தேதியில் வரும் என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள், போதும்" என்று கேட்டிருக்கிறார். மகனின் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகலையும் கடிதத்தோடு இணைத்திருக்கிறார்.

ஒரே வரியில் சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன், அம்மணி. உங்கள் வீட்டுக்கு வருவது மூன்று துறைகளின் பணம், மூன்று வழிகளில் வருகிறது. அதில் ஒன்றுக்குத்தான் ஊரறிந்த தேதி இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் "இந்தத் தேதி" என்று நான் எழுதிவிட்டால், அடுத்த மாதமே அந்தத் தேதியில் நீங்கள் வங்கி வாசலில் நின்று என்னைத் திட்டுவீர்கள்.

மூன்று பணம், மூன்று வாய்க்கால்

கீழ்பவானி வாய்க்கால் உங்கள் பக்கம் ஓடுவதால் அதை வைத்தே சொல்கிறேன். பவானிசாகரில் மதகைத் தூக்கியதும் செய்தித்தாளில் படம் வந்துவிடும். ஆனால் 200 கிலோமீட்டர் வாய்க்காலில் கடைமடைக்காரர் அன்றைக்கே மடையைத் திறந்துவைத்துக் காத்திருக்க மாட்டார். தண்ணீர் வந்துசேர எத்தனை நாள் ஆகும் என்று அவருக்குத் தெரியும். உதவித்தொகையும் அப்படித்தான். பட்டியல் தயாராக வேண்டும், கருவூலத்தில் பில் பாஸ் ஆக வேண்டும், வங்கிக்குப் போக வேண்டும், அங்கிருந்து உங்கள் கணக்குக்கு வர வேண்டும். அரசு பணத்தை விடுவித்த நாள் வேறு, அது உங்கள் கைக்கு வரும் நாள் வேறு.

உங்களுடைய 1,000 ரூபாய்க்குத் தேதி உண்டு. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாதாமாதம் 15-ஆம் தேதிதான் கணக்கு. பண்டிகையோ விடுமுறையோ குறுக்கிட்டால் முன்கூட்டியே போட்டுவிடுவதும் உண்டு. 2023 தீபாவளிக்கு முன்பு நவம்பர் 10-ஆம் தேதியே வந்தது நினைவிருக்கும். அப்படி முன்னால் வந்த பணத்தைக் கூடுதல் பணம் என்று எண்ணிச் செலவழித்துவிட்டு, அடுத்த 15 வரை கையைப் பிசைந்தவர்களை எனக்குத் தெரியும்.

மாமியாரின் 1,200 ரூபாய் வருவாய்த் துறையின் பணம். தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்தான் அதற்குப் பொறுப்பு. 2023 ஆகஸ்டில்தான் 1,000 ரூபாய் 1,200 ஆனது. இதில் பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. கைமெஷினோடு உங்கள் ஊருக்கு வருபவர் வங்கியின் முகவர். ஒருவரே நாலைந்து ஊர்களைச் சுற்றுவார். அவர் வரும் நாளைத்தான் நீங்கள் "பணம் வரும் நாள்" என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் பணம் அதற்கு முன்பே கணக்கில் ஏறியிருக்கும்.

மகனுடைய 2,000 ரூபாய் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பணம். ஈரோட்டில் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக வருவது. தாலுகா அலுவலகத்தில் போய் இதைக் கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. உங்களை அவர்கள் விரட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். விரட்டியது தவறு, ஆனால் தெரியாது என்று அவர்கள் சொன்னது உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை பணம் ஏறாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது பழைய கதை. 2021 ஆகஸ்ட் 1 முதல் மொத்தமாகப் பணம் அனுப்பும் வங்கி முறை விடுமுறை நாட்களிலும் இயங்குகிறது. அனுப்பும் அலுவலகத்துக்குத்தான் விடுமுறை. ஆகவே வெள்ளிக்கிழமை அலுவலகம் பில்லை அனுப்பியிருந்தால் ஞாயிறு காலையில் பணம் ஏறியிருக்கக்கூடும், அனுப்பாவிட்டால் செவ்வாய் வரைக்கும் ஏறாது. ஏப்ரல் மாதத்தில் மட்டும் எப்போதும் இழுக்கும். மார்ச் கடைசியில் கருவூலம் ஆண்டுக் கணக்கை முடிக்கும், ஏப்ரல் 1 அன்று வங்கிகளும் கணக்கு முடிப்புக்காக மூடியிருக்கும், புது நிதியாண்டின் ஒதுக்கீடும் வந்துசேர வேண்டும். ஏப்ரலில் பத்து நாள் தாமதமானால் பயப்படாதீர்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்று மாதம் வராமல் இருப்பதைத் தாமதம் என்று சொல்ல முடியாது. அது எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

மகனுடைய பணம் எங்கே நின்றது?

முதலில் ஊர்ப் பேச்சைத் தள்ளிவிடுவோம். உங்களுக்கு உரிமைத் தொகை வருவதால் மகனுடைய பணம் நிற்காது. பராமரிப்பு உதவித்தொகை பெறும் மாற்றுத்திறனாளி உள்ள குடும்பத்துப் பெண், மற்றத் தகுதிகள் இருந்தால், உரிமைத் தொகை பெறலாம் என்று அந்தத் திட்டத்தின் விதியிலேயே விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் எதையும் மறைத்து வாங்கவில்லை.

கடிதத்திலும் நகலிலும் எனக்கு இரண்டு தடயங்கள் கிடைத்தன. மே மாதம் ஊரில் நடந்த முகாமில் மகனுக்கு அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கியதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது ஒன்று. நீங்கள் அனுப்பிய நகலில் மகன் பெயருக்கு அருகே "மைனர்" என்றும், காப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரும், அவனுடைய பிறந்த தேதியும் அச்சாகியிருக்கின்றன. இந்தச் சித்திரையில் அவனுக்கு 18 முடிந்துவிட்டது. அது இரண்டு.

முதல் தடயத்தைப் பார்ப்போம். ஆதாரை வங்கியில் கொடுத்திருக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். கொடுப்பது வேறு, அரசுப் பணம் வந்துசேர வேண்டிய கணக்கு இதுதான் என்று இணைப்பது வேறு. ஓர் ஆதார் எண்ணுக்கு வங்கிக் கணக்குகள் எத்தனை இருந்தாலும், ஆதாரை வைத்து அனுப்பப்படும் அரசுப் பணம் ஒரே ஒரு வங்கிக்குத்தான் போகும். எந்த வங்கியில் கடைசியாக ஒப்புதல் கொடுத்தோமோ அந்த வங்கிக்கு. முகாமில் விரலை வைக்கச் சொல்லும்போது இதையெல்லாம் யாரும் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. ஆகவே மகனுடைய பணம் மூன்று மாதமாக அஞ்சலகக் கணக்கில் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கலாம். எத்தனையோ வீடுகளில் "நின்றுபோன" பணம் இப்படி அடுத்த கணக்கில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதைத் தெரிந்துகொள்ள ஈரோட்டுக்குப் பஸ் ஏற வேண்டாம். உங்கள் ஊர் தபால்காரரிடம் கேளுங்கள். அவரிடம் இருக்கும் கருவியில் மகன் விரல் வைத்தால் அந்தக் கணக்கின் இருப்புத் தெரிந்துவிடும். 6,000 ரூபாய் இருந்தால் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. அதே கணக்கில் தொடர்வதா, பழைய வங்கிக்கே இணைப்பை மாற்றுவதா என்பது உங்கள் விருப்பம். மாற்றுவதானால் பழைய வங்கிக் கிளையில், அரசு உதவித்தொகை இந்தக் கணக்குக்கே வர ஆதாரை இணைக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மாற்றும் மாதத்தில் ஒரு தவணை முன்னே பின்னே ஆகலாம்.

அங்கே பணம் இல்லையென்றால் இரண்டாவது தடயத்துக்கு வருவோம். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம் அதிகம்.

பதினெட்டு வயதும் ஒரு தாயும்

இதைச் சொல்லும்போது பல தாய்மாருக்குக் கோபம் வரும், உங்களுக்கும் வரலாம். மகனுக்கு 18 வயது முடிந்த அன்றைக்கே, அவனுடைய வங்கிக் கணக்கைக் காப்பாளராக இயக்கும் உங்கள் அதிகாரம் முடிந்துவிட்டது. பெற்ற தாய், குளிப்பாட்டுவதிலிருந்து சோறு ஊட்டுவது வரை எல்லாம் செய்பவர், ஆனாலும் சட்டத்தின் கண்ணில் 18 வயதானவர் தனி ஆள். மைனர் கணக்கு வைத்திருந்த எல்லோருக்கும் வங்கிகள் இதைத்தான் செய்கின்றன. புதிய கையெழுத்தோ கைரேகையோ, புதிய அடையாள ஆவணங்களோ கொடுக்கும் வரை கணக்கை முடக்கி வைப்பார்கள். முடங்கிய கணக்குக்கு அனுப்பிய பணம் துறைக்கே திரும்பிப் போயிருக்கலாம். வங்கியில் "ஏறவில்லை" என்று மட்டும் சொன்னார்கள், ஏன் ஏறவில்லை என்று அவர்களும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

இதற்கு வழி உண்டு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகும் சட்டப்படி காப்பாளரை நியமிக்க வழி செய்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு ஒன்று இருக்கிறது. நீங்களும் உங்கள் கணவரும் அந்தக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலேயே விவரம் கிடைக்கும். அந்தச் சான்றிதழை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கிறது.

ஆனால் அவசரப்பட்டு அங்கேயே ஓடிவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தன் பணத்தைத் தானே கையாளும் உரிமை மாற்றுத்திறனாளிக்கும் உண்டு என்கிறது. கடைக்குப் போய்ப் பொருள் வாங்கி வருகிற பையன் உங்கள் மகன். இது தன் கணக்கு, இதில் பணம் வருகிறது, அம்மாவோடு வந்து எடுக்க வேண்டும் என்ற அளவுக்கு அவனுக்குப் புரியுமானால், அவன் கைரேகையை வைத்தே கணக்கைப் புதுப்பிக்க வங்கி மேலாளரிடம் கேளுங்கள். அவரோடு மகனைப் பேசவிடுங்கள். நீங்களே எல்லாப் பதிலையும் சொல்லிவிடாதீர்கள். புரியவில்லை என்றால் காப்பாளர் சான்றிதழ்தான் வழி. அந்தச் சான்றிதழ் கொடுப்பது அவன் பணத்தைப் பாதுகாக்கும் பொறுப்பை. அதை அவனுக்காகவே செலவழித்ததற்கு நீங்கள் கணக்குக் காட்ட வேண்டிவரும். இப்போதே ஒரு நோட்டுப் போட்டு மருந்து, துணி, வண்டிச் செலவு என்று எழுதத் தொடங்குங்கள்.

அப்படியே அவனுடைய மாற்றுத்திறனாளி அடையாளச் சான்றில் செல்லுபடியாகும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். சிறு வயதில் கொடுக்கும் சான்றுகளுக்குச் சில சமயம் காலக்கெடு வைத்திருப்பார்கள். அது முடிந்திருந்தால் மருத்துவக் குழுவின் முன் மறுபடியும் போக வேண்டியிருக்கும்.

இன்னொரு 1,500 ரூபாய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2023 ஜனவரி முதல் 1,500 ஆன அந்தத் தொகை, வருவாய்த் துறை மாற்றுத்திறனாளிகளுக்குத் தருவது. பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறவர் அதையும் சேர்த்து வாங்க முடியாது. ஒருவருக்கு ஒன்றுதான். வாங்கித் தருகிறேன் என்று யாராவது மனு போட்டுவிட்டால், ஆதாரை வைத்துப் பார்க்கும்போது இரட்டைப் பதிவு என்று இருக்கிற 2,000-க்கும் ஆபத்து வரும். அந்த 500 ரூபாய் "புதுப் பதிவு" யோசனையையும் இதே காரணத்தால் கைவிடுங்கள்.

எப்படிக் கேட்பது

திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. ஒரு திங்களைத் தேர்ந்தெடுத்து, முதலில் அதே வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். "பணம் ஏன் வரவில்லை" என்று கேட்டால் "வரும், போங்கள்" என்று பதில் கிடைக்கும். இப்படிக் கேளுங்கள்: ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு என் மகனுக்கு அனுப்பிய தொகை எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, கணக்கு எண்ணை வைத்தா ஆதாரை வைத்தா, திரும்பி வந்திருந்தால் என்ன காரணம். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, திரும்பிய மாதங்களின் தொகையை மறுபடியும் அனுப்பும்படி கேட்டு, ஒப்புகை முத்திரை வாங்குங்கள். நிலுவை முழுவதும் வந்துவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் எழுதிக் கேட்காத நிலுவை வந்து நான் பார்த்ததில்லை.

அங்கே சரியான பதில் வராவிட்டால் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள், அல்லது 1100 என்ற எண்ணில் முதல்வரின் உதவி மையத்தில் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி அதே மூன்று கேள்விகளைக் கேட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தவறு வங்கியுடையது என்று தெரிந்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பாருங்கள். பிறகு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் போகலாம். எந்தக் கட்டத்திலும் வக்கீல் வேண்டுமென்றால் என்னைப் போன்றவருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். தொலைபேசி எண் 15100.

அத்தையின் கைரேகையும் 5-ஆம் தேதித் தவணையும்

வாழ்நாள் முழுக்க மஞ்சள் வெட்டியும் நூல் இழுத்தும் தேய்ந்த விரல்களுக்கு மெஷினைக் குறை சொல்லலாம், அவரைச் சொல்லக்கூடாது. கட்டைவிரலை மட்டும் வைக்காமல் பத்து விரல்களையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுமே விழாவிட்டால் ஆதார் மையத்தில் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பித்துவிடுங்கள். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்ய வங்கிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. கிளையில் அதையும் கேளுங்கள். அந்த 50 ரூபாய்க்கு எந்த விதியும் கிடையாது. முகவருக்கு வங்கி தரகு கொடுக்கிறது. சண்டை போட வேண்டாம், "ரசீது கொடுங்கள்" என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். மெஷினிலிருந்து வரும் சீட்டில் எடுத்த தொகை அச்சாகியிருக்கும். அதைப் படித்துப் பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பல முகவர்கள் திருந்திவிடுவார்கள். திருந்தாவிட்டால் அந்தச் சீட்டுகளோடு கிளை மேலாளரிடம் போகலாம்.

குழுக் கடன்தான் உங்களை ஒன்றாம் தேதியிலிருந்து வங்கி வாசலுக்கு விரட்டுகிறது என்று நினைக்கிறேன். தவணையை 5-ஆம் தேதியில் வைத்தவர் உங்கள் பணம் வரும் தேதிகளைக் கேட்டு வைக்கவில்லை. கடன் கொடுத்த நிறுவனத்தில் தவணைத் தேதியை 20-க்கு மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள். தருவார்கள் என்று கட்டாயம் இல்லை, ஆனால் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதி. தேதியை மாற்ற மறுத்தால், இந்த மூன்று தொகைகளையும் இந்த மாதத் தவணைக்கு என்று வைக்காமல், போன மாதம் வந்ததை இந்த மாதம் கட்டும்படி ஒரு மாதம் பின்தள்ளிப் பழகப் பாருங்கள். கையில் இல்லாத இந்த நேரத்தில் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்று எனக்குத் தெரியும். மகனுடைய நிலுவை வந்தால் அதில் தொடங்கலாம்.

வங்கிக்குத் தினமும் போவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் மூவருடைய கணக்கிலும் இப்போது கையில் இருக்கும் கைப்பேசி எண்தானா பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை சரிபாருங்கள். கணவரின் பழைய எண் தொலைந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

நீங்கள் அனுப்பிய கணக்குப் புத்தக நகலைப் படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிட்டேன். அதன் மூலையில் மகனுடைய ஆதார் எண்ணையும் பேனாவால் எழுதியிருந்தீர்கள். இனிமேல் யாருக்கு நகல் கொடுத்தாலும் ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்களைத் தவிர மற்றதை மறைத்துவிட்டு, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் நகலின் மேலேயே எழுதிக் கொடுங்கள், எனக்கு அனுப்பினாலும் சரி.